டயா என்ற ஒட்டும் அத்தையின் கரணையும்

மகள் கொண்டுவந்த வீட்டுப்பாடத் தாளின் உச்சியில் 'டயா என்றால் இரண்டு' என்று தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தது. அதற்குக் கீழே பத்து ஆங்கிலச் சொற்கள். டயாமீட்டர், டயகனல், டயலாக், டயலெக்ட், டயக்னோசிஸ், டயாபெட்டிஸ், டயாலிசிஸ், டயஸ்போரா, டைரி, டயமண்ட். ஒவ்வொன்றுக்கும் எதிரே பொருள் எழுத ஒரு கட்டம். உங்கள் வீட்டு மொழியில் இதற்கு நெருக்கமான சொல் எது என்று கேட்டு இன்னொரு கட்டம். எட்டாம் வகுப்புப் பிள்ளை, பேனாவைக் கடித்துக்கொண்டு தாளைப் பார்த்தாள். "அம்மா, இதுல பாதி நம்ம வீட்டுலயே இருக்கு" என்றாள்.

அத்தை, என் கணவரின் அம்மா, பக்கத்து அறையில் படுத்திருந்தார். செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் அவருக்கு டயாலிசிஸ். அன்று செவ்வாய். சிறுநீரகத்தின் வேலையைச் செய்யும் இயந்திரத்தோடு நான்கு மணி நேரம் இருந்துவிட்டு வந்தால் அப்புறம் அன்று முழுக்கப் பேசக்கூட அவருக்குத் தெம்பு இருக்காது. மகள் குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டாள்: "டயான்னா ரெண்டுன்னு போட்டிருக்கு. டயாலிசிஸ்ல ரெண்டு எது?" நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, "ரெண்டு குழாய் இருக்கில்ல? ஒண்ணு ரத்தத்தை எடுக்குது, இன்னொண்ணு திருப்பி அனுப்புது" என்றேன். அவள் அதை அப்படியே எழுதிக்கொண்டாள்.

படுத்த பிறகு அந்தப் பதில் உறுத்த ஆரம்பித்தது. எங்கள் வீட்டின் வாரமே இந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் நடக்கிறது. எந்தக் கல்யாணத்துக்குப் போகலாம், எந்த நாளில் கோயிலுக்குப் போகலாம், குழம்பில் எவ்வளவு உப்பு, அத்தை ஒரு நாளைக்கு எத்தனை டம்ளர் தண்ணீர் குடிக்கலாம் என்பதையெல்லாம் அதுதான் முடிவு செய்கிறது. இரண்டு வருடமாக அந்த வார்டில் உட்கார்ந்திருக்கிறேன். அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை. பிள்ளை கேட்டபோது வாய்க்கு வந்ததை எடுத்துக் கொடுத்துவிட்டேன். அவள் அதை மையால் எழுதிவிட்டாள்.

வியாழக்கிழமை வார்டுக்குப் போகும்போது அந்தத் தாளைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். அடுத்தடுத்த வாரங்களில் அத்தை இயந்திரத்தோடு இருந்த மணிநேரங்களில் கைபேசியில் அகராதிகளைத் துழாவித் தெரிந்துகொண்டதையும், கடைசியில் அத்தை சொன்ன ஒன்றையும்தான் இங்கே எழுதுகிறேன்.

ஊடு

முதலில் அந்தத் தலைப்பே தவறு. கிரேக்கத்தில் இரண்டைக் குறிக்கும் ஒட்டு வேறு. கார்பன் டை ஆக்சைடில் இருக்கும் டை அதுதான். டயா என்பதற்கு ஊடாக, குறுக்காக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரைக்கும் என்றுதான் பொருள். ஊடே ஒன்று போனால் இருந்தது இரண்டாகப் பிரியும் அல்லவா, அதனால் பிரித்து, விலக்கி என்ற பொருளும் அதற்கு உண்டு. டயலாக் என்றால் இரண்டு பேர் பேசுவது என்று பலரும் நினைப்பது இந்தக் குழப்பத்தால்தான். பத்துப் பேர் பேசினாலும் அது டயலாக்தான். அவர்களுக்கு ஊடாகச் சொல் போய்வருகிறது, அவ்வளவே.

தமிழில் இப்படி முன்னால் வந்து ஒட்டுபவை குறைவு. நாம் எல்லாவற்றையும் வாலில் சேர்க்கிறவர்கள். ஆனால் 'ஊடு' என்ற நம் சொல் கிட்டத்தட்ட டயா செய்யும் வேலையையே செய்கிறது. ஊடுருவு, ஊடுகதிர், ஊடகம். கோயம்புத்தூர்ப் பக்கத்தில் எங்கள் தாத்தா மஞ்சளுக்கு ஊடே வெங்காயம் போடுவார், அது ஊடுபயிர். இந்த ஒரு சொல் கையில் கிடைத்ததும் தாளில் இருந்த பாதிச் சொற்கள் தாமாகவே திறந்துகொண்டன. டயாமீட்டர், வட்டத்தின் ஊடே அளப்பது. டயகனல், மூலையிலிருந்து மூலைக்கு ஊடே போவது. டயக்னோசிஸ், இந்த நோயா அந்த நோயா என்று பிரித்து அறிவது.

டயலெக்ட் என்ற சொல்லில் கொஞ்சம் நின்றேன். அதன் வேர் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வது. வட்டார வழக்கு என்றதும் நம் மனதில் இடம்தான் முதலில் வருகிறது. கிரேக்கச் சொல்லிலோ இடம் இல்லை, பேச்சுத்தான் இருக்கிறது. எனக்கும் அத்தைக்கும் நடுவில் இருப்பதும் அதுதான். நான் கல்யாணமாகித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தபோது அவர் பேசிய தமிழைக் கேட்டு அசந்துபோனேன். அவருடைய தாத்தா வட ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்தவர். "உக்காந்துகினு", "இட்டாந்து" என்று, தமிழ்நாட்டை ஒரு முறைகூடப் பார்த்திராத ஒருவர் வாயிலிருந்து அந்த மண்ணின் பேச்சு வந்தது. நான் "உக்காந்துட்டு" என்றால் அவர் சிரிப்பார். பேசிப் பேசித்தான் ஒருவர் தமிழ் இன்னொருவருக்குப் பிடிபட்டது. என் கணவருக்குத் தமிழ் புரியும், பேச வராது. மகளுக்கு இருக்கும் தமிழ் முழுக்க எங்கள் இரண்டு பேரின் பேச்சுக்கு நடுவில் பொறுக்கியதுதான்.

தாளில் இருந்த இரண்டு சொற்களுக்கு அங்கே இடமே இல்லை. டைரி என்பது நாள் என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. டயமண்டின் வேர் கிரேக்கம்தான், ஆனால் அது அடமாஸ், அடக்க முடியாதது, உடைக்க முடியாதது என்று பொருள். முன்னாலிருந்த உயிரெழுத்து உதிர்ந்து, உருவம் மாறி, டயா குடும்பத்தின் சாயல் அதற்கு வந்துவிட்டது. கிம்பர்லியின் பெருங்குழியை வைத்திருக்கும் நாட்டில் படிக்கிற பிள்ளைகளுக்கு இந்தக் கதையையாவது சரியாகச் சொல்லிக்கொடுக்கலாம்.

சுகர்

இங்கே யாரும் டயாபெட்டிஸ் என்று சொல்வதில்லை. தமிழ்நாட்டில் சொல்வது போலவே 'சுகர்' என்றுதான் சொல்கிறார்கள். டர்பனின் புறநகரான சாட்ஸ்வர்த்தில் எங்கள் தெருவில் நான்கு வீடு நடந்தால் மூன்று வீட்டில் சுகர் இருக்கும். கால் விரலை எடுத்தவர்கள், கண் மங்கியவர்கள், ஊசியைக் குளிர்பெட்டியில் மோருக்குப் பக்கத்தில் வைத்திருப்பவர்கள். அத்தைக்குக் காலில் ஒரு புண் ஆறாமல் இருந்தபோதுதான் தெரியவந்தது. அப்போது அவருக்கு வயது 50. இப்போது 78.

டயாபெட்டிஸ் என்ற சொல்லின் வேர் ஊடே கடந்து போவது. கிரேக்கர்கள் அதே சொல்லால், ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொன்றுக்கு நீரை இழுத்துவிடும் வளைந்த குழாயையும் குறித்தார்கள். கப்படோக்கியாவைச் சேர்ந்த அரேட்டியஸ் என்ற பழைய வைத்தியர், இந்த நோயில் சதையும் கைகால்களும் உருகிச் சிறுநீராகப் போகின்றன என்று எழுதினார். குடித்த நீர் உடம்பில் தங்குவதில்லை, உடம்பை ஒரு குழாயாக வைத்துக்கொண்டு அதன் ஊடே ஓடிவிடுகிறது. இதைப் படித்தபோது 'நீரிழிவு' என்ற சொல் முதல் முறையாக எனக்கு விளங்கியது. இழிதல் என்றால் இறங்குதல், வழிந்தோடுதல். இந்தக் காலத்தில் இழிவு என்றால் அவமானம் என்ற பொருள் மட்டும் தங்கிவிட்டதால் அந்தச் சொல்லை மனிதர்கள்மேல் ஒட்ட எனக்கு எப்போதும் கூச்சம். உண்மையில் அது நீர் இறங்கி ஓடும் நோய். கிரேக்கனும் நம் வைத்தியனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமலே ஒரே காட்சியைக் கண்டு பெயர் வைத்திருக்கிறார்கள்.

அத்தையிடம் இதைச் சொல்லவில்லை. முதலில் எல்லா நீரும் ஓடிப்போகும் நோய், கால் நூற்றாண்டு கழித்து ஒரு சொட்டு நீர்கூட வெளியேறாத நிலையில் அவரைக் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அதனால்தான் டம்ளர் கணக்கு, அதனால்தான் இயந்திரம்.

சுகர் என்ற சொல்லே நம் பக்கத்திலிருந்து போனதுதான். வடமொழியின் சர்க்கரா பாரசீகம், அரபு வழியாக ஐரோப்பாவுக்குப் போய் சுகர் ஆனது. அந்தச் சொல் போன பாதையில் பல நூற்றாண்டுகள் கழித்து மனிதர்களும் போக வேண்டியிருந்தது. 1860 நவம்பர் 16-ஆம் தேதி ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேரை ஏற்றிக்கொண்டு டர்பன் துறைமுகத்துக்கு வந்தது. கரும்பு நட, வெட்ட, ஆலைக்குச் சுமக்க. 1911 வரை இப்படி, டர்பன் இருக்கும் நேட்டாலுக்கு வந்தவர்கள் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பங்கினர் சென்னை வழியாக வந்தவர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகள்தான் இன்று வார்டில் என் அத்தைக்கு இரண்டு பக்கமும் படுத்திருக்கிறார்கள்.

டயாலிசிஸ் என்ற சொல்லைத் தேடியபோது நான் நினைத்தே பார்க்காத ஓர் இடத்தில் கரும்பு வந்து நின்றது. லிசிஸ் என்றால் தளர்த்துதல், கட்டவிழ்த்தல். டயாலிசிஸ், ஊடே விட்டுப் பிரித்தெடுத்தல். வேதியியலில் இந்தச் சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் தாமஸ் கிரகாம் என்ற ஸ்காட்லாந்துக்காரர், 1861-இல். ட்ரூரோ வந்ததற்கு மறுவருடம். அவர் செய்த சோதனைகளில் ஒன்று சர்க்கரையும் பிசினும் கலந்த கரைசலை வைத்துச் செய்தது. மெல்லிய தாள் போன்ற சவ்வு, ஒரு பக்கம் கரைசல், மறுபக்கம் நீர். சர்க்கரை சவ்வின் ஊடே நீருக்குப் போய்விட்டது. பிசின் போகாமல் நின்றுவிட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் கூழ்மப்பிரிப்பு என்று நான் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிய பாடம் இது. கூழ்மங்கள் என்று படித்தேனே தவிர, அந்தச் சவ்வு ஒரு நாள் என் வீட்டாரின் ரத்தத்துக்குப் பக்கத்தில் வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

அதற்குப் பிறகு 80 வருடங்களுக்கு மேல் ஆனது அது நோயாளிகளுக்கு உண்மையில் பயன்படும் இயந்திரமாக வர. 1943-இல், ஜெர்மானியர் பிடியில் இருந்த நெதர்லாந்தில், கம்பென் என்ற ஊரில் வில்லெம் கொல்ஃப் என்ற டாக்டர் தொத்திறைச்சி அடைக்கும் செலஃபேன் உறையை ஓர் உருளையில் சுற்றி, நடைமுறைக்கு உதவும் முதல் இயந்திரத்தைச் செய்தார். இன்று அத்தைக்குப் பக்கத்தில் நிற்கும் இயந்திரத்தின் குழலுக்குள் மயிரிழை போன்ற பல ஆயிரம் நுண்குழல்கள். அவற்றின் ஊடே ரத்தம் ஓடுகிறது. அவற்றின் சுவருக்கு ஊடே அழுக்கு வெளியேறுகிறது. ஊடே, மறுபடியும் ஊடே. நான் மகளிடம் இரண்டு குழாய் என்று சொன்னது எவ்வளவு மேலோட்டமானது என்று அந்தக் குழலைப் பார்க்கும்போதெல்லாம் தோன்றும்.

காத்திருக்கும் பெஞ்சில் யாராவது ஒருவர் அந்த வழக்கைப் பற்றிப் பேசாமல் இருக்க மாட்டார்கள். தியாகராஜ் சூப்ரமணி, டர்பன்காரர், 41 வயது, வேலை இல்லை, சுகரால் சிறுநீரகம் போனவர். தனியாரிடம் பணம் கட்டி டயாலிசிஸ் செய்துகொண்டிருந்தார், பணம் தீர்ந்தது. அடிங்டன் அரசு மருத்துவமனையில் இருந்த இயந்திரங்கள் குறைவு, யாருக்குக் கொடுப்பது என்று ஒரு வரம்பு வைத்திருந்தார்கள், அவருடைய மற்ற நோய்களால் அவர் அந்த வரம்புக்குள் வரவில்லை. அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக் கூடாது என்று புதிய அரசியல் சாசனம் சொல்கிறது, அந்த வரியைப் பிடித்துக்கொண்டு அவர் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார். வாரத்துக்கு வாரம் தொடர்ந்து தேவைப்படும் டயாலிசிஸ் 'அவசரம்' என்ற சொல்லுக்குள் அடங்காது என்று 1997 நவம்பர் 27-இல் தீர்ப்பு வந்தது. சில நாட்களிலேயே அவர் இறந்துபோனார். சட்டக் கல்லூரிகளில் இன்றைக்கும் அந்த வழக்கைப் படிக்கிறார்கள். இயந்திரங்கள் போதாது என்பது உண்மை, நீதிபதிகளின் கையிலும் கூடுதல் இயந்திரம் இல்லை. ஆனாலும் ஒரு சொல்லின் எல்லைக்கு உள்ளே இருந்தால் உயிர், வெளியே இருந்தால் இல்லை என்று ஆன ஒரு மனிதரை நினைக்கும்போது, சொல்லின் பொருளை வாய்க்கு வந்தபடி சொல்வது எனக்கு இன்னும் கூச்சமாகிவிடுகிறது.

யாரு வீசுனா?

தாளில் கடைசியாக மிச்சமிருந்தது டயஸ்போரா. அந்தச் சொல்மேல் எனக்கு நீண்ட நாளாக ஒரு மனத்தாங்கல் உண்டு. ஒவ்வொரு நவம்பரிலும் 16-ஆம் தேதி நிகழ்ச்சிகளில் மேடையில் பேசுபவர்கள் நிமிடத்துக்கு ஒரு முறை அதைச் சொல்வார்கள். பெருமையாகத்தான் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் அதில் ஏதோ ஒட்டவில்லை. என்னவென்று சொல்லத் தெரியாமல் வருடா வருடம் கைதட்டிவிட்டு வந்திருக்கிறேன்.

டயா, ஊடே, பரவலாக. ஸ்போரா, விதைத்தல். ஸ்போர் என்று பூஞ்சை வித்துக்குச் சொல்கிறோமே, அதே வேர். யூதர்களின் வேதத்தைக் கிரேக்கத்தில் மொழிபெயர்த்தபோது, உபாகமத்தின் 28-ஆம் அதிகாரத்தில் இந்தச் சொல்லைப் போட்டார்கள். அந்த அதிகாரத்தில் அது வருவது சாபங்களின் வரிசையில். பூமியின் எல்லா ராஜ்யங்களிலும் நீ சிதறிக் கிடப்பாய் என்பது சாபம். அங்கே சிதறடிப்பவர் கடவுள்.

அது ஒரு சனிக்கிழமை. பள்ளி இல்லாததால் மகளும் வார்டுக்கு வந்திருந்தாள். அத்தையின் இடது முழங்கையில் ரத்தக்குழாய்கள் இரண்டை இணைத்து ஊசி போட வழி செய்திருக்கிறார்கள். அந்த இடத்தில் காதை வைத்தால் வண்டு போல ரீங்காரம் கேட்கும். ஊசி ஏறுவதற்கு முன் மகள் வழக்கம் போலக் காதை வைத்துக் கேட்டுவிட்டு, "ஆயா, சத்தம் நல்லா இருக்கு" என்றாள். இயந்திரம் ஓட ஆரம்பித்தது. முதல் ஒரு மணி நேரம் அத்தைக்குத் தெம்பு இருக்கும், பேசுவார். நான் தாளை எடுத்ததும் "இன்னும் அத முடிக்கலியா?" என்று கேட்டார்.

"ஒரே ஒரு சொல்லுதான் பாக்கி அத்தை. டயஸ்போரா."

"மேடையில சொல்வாங்களே, அதுவா? அப்படின்னா என்ன கண்ணு?"

"விதையைத் தூவுறது. அங்கங்க போய் விழுற மாதிரி வீசுறது. நம்ம ஜனங்க உலகம் பூரா போனாங்க இல்ல, அதைச் சொல்றாங்க."

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. குழாயில் ரத்தம் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "யாரு வீசுனா?"

எனக்குப் பதில் வரவில்லை. அவரே தொடர்ந்தார். "நம்மள யாரும் வீசல கண்ணு. காத்துல பறந்தா வந்தோம்? கரும்ப யாராச்சும் விதைப்பாங்களா? கரணையா வெட்டித்தான் நடணும்." டொங்காட்டில் பேரக்ஸில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருந்தபோது, பத்து வயதில், அவர் அப்பாவோடு நடவுக்குப் போயிருக்கிறார். "அப்பா கரும்ப வெட்டிப் போடுவாரு. நான் கூடையில எடுத்துகினு போயி சால்ல படுக்க வைப்பேன். ஒண்ணோட தலை இன்னொண்ணோட கால்ல இருக்கணும். ஒரு கரணைக்கு மூணு கண்ணு. கண்ணு அடிபட்டா மொளைக்காது, சர்தார் மேஸ்திரி திட்டுவான். எண்ணி எண்ணி வைக்கணும்." வலது கையால் போர்வைமேல் ஒரு கோடு இழுத்து, விரலை வைத்து வைத்துக் காட்டினார். "நம்மளயும் அப்படித்தான். வெட்டி, எண்ணி, வரிசையா படுக்க வெச்சி இட்டாந்தாங்க."

மகளுக்குக் கரணை என்றால் என்னவென்று தெரியவில்லை. அத்தை தன் ஆள்காட்டி விரலை நீட்டி, விரலின் கணுக்களைத் தொட்டுக் காட்டினார். இந்த மாதிரி ஒரு துண்டு. இங்கே இங்கே கண்.

இத்தனை வருடம் மேடைக்குக் கீழே உட்கார்ந்து எனக்கு ஒட்டாமல் இருந்தது இதுதான் என்று அப்போது விளங்கியது. விதை தூவுதல் என்று சொன்னால் காற்று வருகிறது, பறவை வருகிறது, தற்செயல் வருகிறது. கத்தி பிடித்த கை வருவதில்லை. வேதத்தின் சாபத்திலாவது சிதறடிப்பவர் யார் என்று தெரியும். நம் கதையில் ஏஜெண்டு இருந்தான், ஐந்து வருட ஒப்பந்தம் இருந்தது, தோட்ட முதலாளி இருந்தான், ஒவ்வொருவருக்கும் ஓர் எண் இருந்தது. அந்தக் கப்பல் பட்டியல்களை நான் பார்த்திருக்கிறேன். எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, ஊர். ஒன்றின் கீழ் ஒன்றாக, சாலில் படுக்க வைத்த மாதிரியே. ஒரு முறை நட்டதோடும் விடவில்லை. அத்தை கல்யாணமாகிப் போன, டர்பனின் கேட்டோ மேனர் வீட்டிலிருந்து அவர்களை நிறவெறி அரசின் ஆட்கள் பிடுங்கி, 1960-களில் இந்த சாட்ஸ்வர்த்தில் மறுபடி வரிசையாக நட்டார்கள். அதற்கும், இனத்துக்கு ஓர் இடம் என்று பிரிக்கும் ஒரு சட்டம் இருந்தது, அதிலும் வீட்டுக்கு ஓர் எண் இருந்தது.

அத்தை நான்காம் வகுப்போடு நின்றவர். கிரேக்கம் என்று ஒரு மொழி இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரியும். அவர் அந்தச் சொல்லிடம் கேட்ட கேள்வியை, மேடையில் அதைச் சொன்ன யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

கோயம்புத்தூரிலிருந்து வந்த விதை

இதை என் கணவரின் மாமாவிடம் சொன்னேன். அவர் ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கேட்டுவிட்டு, "அக்கா சொல்றது சரிதான், ஆனா கரும்புக்கு விதையும் உண்டு" என்றார். கரும்பு பூக்கும். வெள்ளிக் குஞ்சம் போன்ற அந்தப் பூவில் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்ன விதைகள், பஞ்சு ஒட்டிக்கொண்டு இருக்கும். நேட்டாலின் குளிரில் கரும்பு எளிதில் விதை பிடிக்காது. அதனால் மவுண்ட் எட்ஜ்கோமில் இருந்த ஆராய்ச்சி நிலையத்துக்காரர்கள் கோயம்புத்தூரில் இரண்டு ரகங்களைக் கலந்து உண்டாக்கிய விதையை வரவழைத்து இங்கே முளைக்க வைத்தார்கள். அதிலிருந்து வந்த ரகம்தான் என்.கோ. 310. என் என்றால் நேட்டால், கோ என்றால் கோயம்புத்தூர். 1945-இல் விவசாயிகளுக்குக் கொடுத்தார்கள். நேட்டால் முழுக்கப் பரவி, அப்புறம் தைவான் வரை போனது. அத்தை பத்து வயதில் கூடையில் சுமந்தது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும் என்றார் மாமா.

கோயம்புத்தூரில் 1912-இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தின் சுவரை ஒட்டித்தான் நான் கல்லூரிக்குப் பஸ்ஸில் போனேன். அந்தச் சுவருக்கு உள்ளிருந்து ஒரு பிடி விதை, நான் பிறப்பதற்கு முன்பே, நான் வந்து சேரப்போகும் ஊருக்கு வந்து சேர்ந்திருக்கிறது. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. கரணையிலிருந்து வரும் கரும்பு தாய்க் கரும்பைப் போலவே இருக்கும். விதையிலிருந்து வருவது அப்படி இல்லை, ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி. அத்தை பேசும் வட ஆற்காட்டுத் தமிழ் கரணை முளைத்தது போல அப்படியே வந்திருக்கிறது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்லி, நடுவில் 'ஆயா', 'சாதம்', 'ஐயோ' போட்டுப் பேசும் என் மகளை அந்தக் கணக்கில் எங்கே வைப்பது? அவளைப் பார்க்கும்போது டயஸ்போரா என்ற சொல்லை முழுக்கத் தள்ளிவிடவும் எனக்கு மனம் வரவில்லை.

வியாழக்கிழமை அத்தையிடம் விதைக் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். உங்க ஊரா, உங்க ஊரா என்று இரண்டு தடவை கேட்டார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. "அது ஆபீசருங்க கண்ணாடி வீட்டுல பண்ற வேலை. வயல்ல நட்டது கரணைதான். நான்தான் நட்டேனே" என்றார்.

தாளைக் கொடுக்க வேண்டிய நாள் எப்போதோ கடந்திருந்தது. அன்று பாதி நிரப்பியபடியே கொடுத்துவிட்டு, திருத்தி எழுத மகள் ஆசிரியையிடம் புதுத் தாள் கேட்டு வாங்கியிருந்தாள். அதில் 'இரண்டு' என்பதைப் பென்சிலால் அடித்து ஊடே என்ற பொருளில் எழுதினாள். டைரிக்கும் டயமண்டுக்கும் எதிரே 'இந்தக் குடும்பம் இல்லை' என்று எழுதினாள். டயாலிசிஸுக்கு நேரே இருந்த வீட்டு மொழிக் கட்டத்தில் என்ன போடுவது என்று கேட்டபோது, கூழ்மப்பிரிப்பு அவள் வாயில் நுழையாது என்பதால் 'ஊடுபிரிப்பு' என்று நானே ஒன்றைச் சொன்னேன். டயாபெட்டிஸுக்கு நீரிழிவு. டயஸ்போராவுக்கு எதிரே, எழுத்து எழுத்தாக என்னிடம் கேட்டுக் கேட்டு, மூன்று சுழி ணகரத்தில் மட்டும் தடுமாறி, தமிழில் 'கரணை' என்று எழுதினாள்.

தாள் திரும்பி வந்தபோது அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டமும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் இருந்தன. இது என்னவென்று வெள்ளிக்கிழமை வகுப்பில் எல்லோருக்கும் விளக்க வேண்டும் என்று ஆசிரியை சொல்லியிருக்கிறார். அன்று டயாலிசிஸ் இல்லாத நாள், அத்தைக்குத் தெம்பு இருந்தது. இரவு சாப்பாட்டுக்குப் பிறகு மகள் ஆயாவின் கட்டிலில் காலை மடக்கி உட்கார்ந்துகொண்டு, சால் எத்தனை ஆழம் வெட்டுவார்கள், கண் மேலே பார்க்க வேண்டுமா பக்கவாட்டில் பார்க்க வேண்டுமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக்கொண்டிருந்தாள்.